கூப்பிட்டதும் எழுந்து வர முடியுமா? உயிர்பிழைப்பு விளையாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

இரவுச் சாப்பாடு மேசையில் ஆறிக்கொண்டிருக்கிறது. அம்மா மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறார். “கொஞ்சம் இருங்கம்மா, இப்ப விட்டா செத்துருவேன்” என்று அறைக்குள்ளிருந்து மகனின் குரல் வருகிறது. தோட்டத்து வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடியானாலும், பள்ளி விடுமுறையில் இந்தப் பேச்சு கேட்காத வீடு குறைவு.

பையன் சாக்குச் சொல்கிறான் என்றுதான் பெற்றோர் நினைப்பர். ஆனால், அவன் ஆடும் விளையாட்டைப் பொறுத்து அது முழு உண்மையாகவும் இருக்கலாம். சில விளையாட்டுகளை நினைத்த நேரத்தில் நிறுத்திவிட்டு எழலாம். சிலவற்றில், ஆடுபவர் கணினியை மூடிவிட்டுப் படுக்கப் போன பிறகும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், வீட்டில் சண்டையும் குறையும்.

எப்படிப்பட்ட விளையாட்டு இது?

இளையோர் ‘சர்வைவல் கிராஃப்டிங்’ என்று சொல்லும் இவ்வகையில், ஆடுபவர் வெறுங்கையோடு ஒரு காட்டிலோ தீவிலோ நடுக்கடலிலோ விடப்படுகிறார். மரம் வெட்ட வேண்டும், கல் பொறுக்க வேண்டும், அவற்றைக் கொண்டு கோடரி செய்ய வேண்டும். கோடரி இருந்தால் மரம் விரைவாகச் சேரும். மரம் சேர்ந்தால் வீடு எழும். உலை கட்டினால் இரும்பு கிடைக்கும். இதற்கிடையே பசி, தாகம், குளிர், இரவில் வரும் பகை உயிர்கள் என ஒவ்வொன்றையும் சமாளிக்க வேண்டும். சேர்ப்பது, செய்வது, பிழைப்பது ஆகிய மூன்றும் மாறிமாறி வருவதுதான் இதன் சுவை.

இவ்வகையை உலகெங்கும் பரப்பியது மைன்கிராஃப்ட். சுவீடனைச் சேர்ந்த மார்க்குஸ் பெர்சன் 2009 மே மாதத்தில் இதன் தொடக்க வடிவத்தைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார். முழுப் பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தை 2.5 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2023இல் விற்பனை 300 மில்லியன் பிரதிகளைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. கணினிக்கான ஜாவா பதிப்பின் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது அது.

இன்று இவ்வகையில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் விற்பனைக்கு உள்ளன. எது சிறந்தது என்று கேட்பதைவிட, எது நம் வீட்டுக்குப் பொருந்தும் என்று கேட்பதே பயன் தரும். அதற்குப் பின்வரும் கேள்விகள் உதவும்.

1. எழுந்து போனால் உலகமும் நிற்குமா?

மைன்கிராஃப்டைத் தனியாக ஆடும்போது, சேமித்து வெளியேறினால் அந்த உலகம் அப்படியே நிற்கும். அடுத்த வாரம் திறந்தாலும் வீடும் பயிரும் விட்ட இடத்தில் இருக்கும். நீருக்கடியில் நடக்கும் சப்நாட்டிகாவையும் பட்டியலைத் திறந்து சேமித்துவிட்டு எழலாம். ஆனால் அது தானாகச் சேமிக்காது. சேமிக்க மறந்து மூடினால் அன்றைய உழைப்பு போய்விடும்.

பனிக்காட்டில் தனியாகப் பிழைக்கும் ‘தி லாங் டார்க்’ சற்று வேறுபட்டது. உறங்கினாலோ கட்டடத்துக்குள் நுழைந்தாலோ அது சேமித்துக்கொள்ளும். ஆகவே “ஒரு வீடு கிடைக்கட்டும், வந்துடுறேன்” என்று பிள்ளை சொன்னால் அதில் நியாயம் உண்டு.

ரஸ்ட் இவற்றுக்கு நேர் எதிர். இது பொதுச் சேவையகத்தில் பிறரோடு ஆடுவது. ஆடுபவர் வெளியேறினாலும் அவருடைய உருவம் அந்த உலகிலேயே உறங்கிக் கிடக்கும். மற்றவர்கள் கதவை உடைத்து நுழைந்து அவரைக் கொல்லலாம், பொருள்களை அள்ளிச் செல்லலாம். போதாக்குறைக்கு, சேவையகங்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் துடைக்கப்பட்டு எல்லாரும் மீண்டும் வெறுங்கையோடு தொடங்குவர். மாதம் ஒரு முறையாவது இது நடக்கும். டைனோசர்களைப் பிடித்துப் பழக்கும் ‘ஆர்க்: சர்வைவல் இவால்வ்ட்’ விளையாட்டின் பொதுச் சேவையகங்களிலும் ஆடுபவர் இல்லாதபோது உலகம் ஓடும். அங்கு பெரிய விலங்கு ஒன்றைப் பழக்கவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். தேர்வு ஆண்டில் இருக்கும் மாணவருக்கு இவ்விரண்டும் ஏற்றவையல்ல.

2. செத்தால் எவ்வளவு போகும்?

மைன்கிராஃப்டில் செத்தால் கையிலிருந்த பொருள்கள் செத்த இடத்தில் விழும். அவ்விடத்தை நெருங்கிய பின் 5 நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். பிள்ளைகள் அவ்வேளையில் படபடப்பதற்குக் காரணம் இதுதான். உலகை உருவாக்கும்போதே, செத்தாலும் பொருள்கள் கையிலிருக்கும்படி அமைக்கலாம். பகை உயிர்கள் வராத அமைதி நிலையும், கட்டுவதற்கு மட்டுமான படைப்பு நிலையும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு இவற்றில் தொடங்குவது நல்லது.

டெர்ராரியாவில் வழக்கமான பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் செத்தவுடன் நாணயங்கள் மட்டுமே சிதறும். வால்ஹைமில் செத்த இடத்தில் ஒரு நடுகல் தோன்றி, பொருள்களைக் காத்து வைத்திருக்கும். போய் எடுத்துக்கொள்ளலாம். திறன் மட்டும் கொஞ்சம் குறையும். அதில் பட்டினியால் சாவதும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டால் உடல் வலுக்கும், அவ்வளவுதான்.

கனடாவின் கிளை நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘டோண்ட் ஸ்டார்வ்’ இரக்கம் காட்டாது. உயிர்ப்பிக்கும் சில வழிகளை முன்கூட்டியே தேடி வைத்திருந்தாலொழிய, செத்தால் அந்த உலகமே முடிந்தது. அதில் ஒரு நாள் என்பது 8 நிமிடம். வழக்கமான அமைப்பில் 20 நாள் கழிந்ததும் குளிர்காலம் வரும். அதாவது இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆடிச் சேர்த்ததெல்லாம் முதல் குளிரில் போய்விடலாம். தி லாங் டார்க்கின் உயிர்பிழைப்பு நிலையிலும் இறப்புக்குக் கடும் விலை உண்டு. தோற்றாலும் சிரித்துவிட்டு மீண்டும் தொடங்கும் குணமுள்ளவருக்கு இவை அருமையான விளையாட்டுகள். தோல்வியில் கலங்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தந்தால் வீட்டில் அழுகைதான் மிஞ்சும்.

3. யாரோடு ஆடுவது?

சப்நாட்டிகாவும் தி லாங் டார்க்கும் தனியாள் விளையாட்டுகள். முன்பின் தெரியாதவர் யாரும் உள்ளே வர முடியாது.

அண்ணன் தம்பி, மாமன் பிள்ளைகள் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் தேர்வு மாறும். வால்ஹைமில் 10 பேர்வரை ஓர் உலகில் ஆடலாம். தெரிந்தவர் ஒருவரின் கணினியில் அவ்வுலகம் இயங்கினால், அவர் வெளியேறியதும் அதுவும் நின்றுவிடும். நடுக்கடலில் மிதவையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும் ராஃப்ட், எறும்பளவுக்குச் சுருங்கிய பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் பிழைக்கும் கிரவுண்டெட் ஆகியவையும் கூடி ஆட ஏற்றவை. கிரவுண்டெட்டில் 4 பேர்வரை ஆடலாம். சிலந்தி என்றால் நடுங்குவோருக்காக அதன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் அதில் உள்ளது. பிளேஸ்டேஷன் போன்ற பெட்டிகளில் மைன்கிராஃப்ட் ஆடினால், ஒரே தொலைக்காட்சியைப் பிரித்து 4 பேர்வரை ஆட முடியும்.

பொதுச் சேவையகம் என்றால் எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாது. குரல் அரட்டையில் கெட்ட வார்த்தைகள் வரும். வயது, பள்ளி, வீடு பற்றிக் கேட்போரும் வரலாம். பிள்ளைகள் ஆடுவதாக இருந்தால் குரல் அரட்டையை அணைத்து வைப்பதும், தெரிந்த நண்பர்களை மட்டும் சேர்ப்பதும் முதல் நாளே செய்ய வேண்டியவை.

4. எந்தக் கருவி, எவ்வளவு இணையம்?

பல வீடுகளில் ஒரே மடிக்கணினிதான். அதுவும் பள்ளி வேலைக்காக வாங்கியது. விளையாட்டை வாங்கும் பக்கத்திலேயே அதற்குத் தேவையான நினைவகம், வரைகலை அட்டை, சேமிப்பிடம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். பணம் செலுத்துவதற்கு முன் அதைக் கணினியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டெர்ராரியா, டோண்ட் ஸ்டார்வ் போன்ற எளிய வரைகலை கொண்டவை பழைய கணினியிலும் ஓடும். அவற்றுக்குக் கைப்பேசிப் பதிப்புகளும் உள்ளன. மைன்கிராஃப்டும் கைப்பேசியில் கிடைக்கும்.

இணைய வேகம் குறைந்த தோட்டப்புறங்களில் பதிவிறக்க அளவும் முக்கியம். வால்ஹைம் வெளிவந்தபோது ஏறத்தாழ 1 கிகாபைட் அளவே இருந்தது. ஆனால் அதற்கு நல்ல வரைகலைத் திறன் தேவை. ஆர்க் விளையாட்டோ கூடுதல் நிலப்பரப்புகளோடு சேர்த்து 100 கிகாபைட்டைத் தாண்டும். கைப்பேசித் தரவைப் பகிர்ந்து இதைப் பதிவிறக்க முயன்றால் மாதத் தரவு ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

5. பணம் எங்கே போகிறது?

ஒரு முறை விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுகள் ஒரு வகை. இலவசமாகப் பதிவிறக்கி, ஆடும்போது காசு கேட்பவை இன்னொரு வகை. பின்னதில் கோடரி செய்யவும் பயணம் போகவும் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லையென்றால் பணம் கட்டலாம். சில மாதங்களில் இச்செலவு, விலை கொடுத்து வாங்கும் விளையாட்டைவிட அதிகமாகிவிடக்கூடும். கைப்பேசிக் கடையின் அமைப்பில், ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைப்பது பாதுகாப்பு.

உண்மையிலேயே காசு கேட்காத தேர்வும் இருக்கிறது. முன்பு மைன்டெஸ்ட் என்ற பெயரிலிருந்து 2024இல் லுவாண்டி என்று பெயர் மாறிய திறமூல மென்பொருள் அது. மைன்கிராஃப்டைப் போன்ற கட்டை உலகங்களைக் கொண்டது. பழைய கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் ஓடும். ஒரு முறை பதிவிறக்கிவிட்டால் இணையமின்றியே தனியாக ஆடலாம்.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ரிங்கிட்டிலும் சிங்கப்பூர் வெள்ளியிலும் விலை காட்டப்படும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் ஆடி, கணினியில் சரியாக ஓடுகிறதா, பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

‘ஏர்லி ஆக்சஸ்’ என்ற குறிப்பு இருந்தால் விளையாட்டு இன்னும் முழுமையடையவில்லை என்று பொருள். ராஃப்ட் அப்படி 2018இல் விற்பனைக்கு வந்து, 2022இல்தான் முழுமையடைந்தது.

6. வயதுக்கு ஏற்றதா? முடிவு உண்டா?

பொருள் செய்யும் விளையாட்டு என்றாலே குழந்தை விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க வயது மதிப்பீட்டின்படி மைன்கிராஃப்டும் சப்நாட்டிகாவும் 10 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. மனித மாமிசம் தின்போர் துரத்தும் ‘தி ஃபாரஸ்ட்’ 17 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. அமேசான் காட்டில் நடக்கும் கிரீன் ஹெல்லில் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், நீர் நான்கையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். கை கால்களில் ஒட்டிய அட்டைகளையும் பிடுங்க வேண்டும். பெரியவர்களுக்குச் சுவையான சவால், சிறுவர்களுக்கு ஆகாது. சிங்கப்பூரில் 16 வயது ஆலோசனைக் குறிப்பும், 18 வயதுக் கட்டுப்பாடும் நடைமுறையில் உள்ளன.

கதையும் முடிவும் உள்ள விளையாட்டு ஒரு கட்டத்தில் தானே விடைகொடுக்கும். சப்நாட்டிகாவிலும் ராஃப்டிலும் கதை முடிந்துவிடும். மைன்கிராஃப்டில் பெரிய எதிரியான டிராகனை வென்ற பிறகும் உலகம் தொடரும். ரஸ்டுக்கு முடிவே இல்லை. விடுமுறைக்கு மட்டும் ஒன்று வேண்டுமென்றால் முடிவுள்ளதை வாங்குவது நல்லது.

வாங்கிய பின்

எதை வாங்கினாலும், அந்த உலகில் ஒரு நாள் என்பது எத்தனை நிமிடம் என்று பெற்றோர் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். மைன்கிராஃப்டில் அது 20 நிமிடம், டெர்ராரியாவில் 24, டோண்ட் ஸ்டார்வில் 8. “இன்னும் ஒரு நாள் மட்டும்மா” என்று மகள் கேட்டால், அவள் கேட்பது எவ்வளவு நேரம் என்று அம்மாவுக்குத் தெரியும். சோற்றை அதற்கேற்ப எடுத்து வைக்கலாம். ஒப்புக்கொண்ட அந்த ஒரு நாள் முடிந்ததும் எழுந்து வருவது பிள்ளையின் பொறுப்பு.