என்கோடரும் ரிசால்வரும்: பழுது தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

சர்வோ மோட்டாரின் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று டிரைவுக்குச் சொல்பவற்றில் பரவலானவை இரண்டு: ஆப்டிகல் என்கோடர், ரிசால்வர். வேலை ஒன்றுதான், பழுதாகும் விதமும் அதைக் கண்டறியும் முறையும் வேறு.

என்கோடரில் நுண்கோடுகள் பொறித்த வட்டு சுழல, எல்இடி ஒளியை உணரி எண்ணுகிறது. ஏ, பி சிக்னல்கள் 90 பாகை விலகி வருவதால் திசையும் தெரிகிறது. இரு சிக்னல்களின் ஏற்றமும் இறக்கமும் எண்ணப்படுவதால், 2,500 கோடுகள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை கிடைக்கும். ரிசால்வருக்குள் இருப்பவை இரும்பும் செம்புச் சுருள்களும் மட்டுமே. டிரைவ் அனுப்பும் மாறுமின்னழுத்தம் சைன், கொசைன் சிக்னல்களாகத் திரும்பி வருகிறது.

துல்லியத்தில் என்கோடர் முந்துகிறது. தாங்கும் திறனில் ரிசால்வர். சீல் வழியே கசியும் எண்ணெய், கூலன்ட் ஆவி, கப்ளிங்கை ஏற்றும்போது விழும் சுத்தியல் அடி ஆகியவற்றில் எதுவும் என்கோடரைக் கெடுக்கும்; கண்ணாடி வட்டு விரிசல் விடும். வெப்பத்தையும் அதிர்வையும் ரிசால்வர் பொறுத்துக்கொள்ளும்.

சோதனையிலும் ரிசால்வர் எளிது. மின்சாரத்தை நிறுத்தி, கனெக்டரைக் கழற்றி, மூன்று வைண்டிங்குகளின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து கையேட்டோடு ஒப்பிடலாம். சைன், கொசைன் அளவுகள் பொதுவாக ஏறக்குறைய சமமாக இருக்கும். என்கோடரில் மின்தடை அளவு எதையும் தெளிவாகச் சொல்லாது. 5 வோல்ட் வகை என்றால், அந்த வோல்ட் என்கோடர் முனைவரை வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளமான கேபிளில் அது குறைந்துவிடும். அடுத்து ஏ, பி அலைகளை ஆசிலாஸ்கோப்பில் பார்க்க வேண்டும். என்கோடர் கம்பிகளில் மெக்கர் வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் சிப் எரிந்துபோகும். பேட்டரியுள்ள அப்சல்யூட் என்கோடரில், கன்ட்ரோல் பவர் இருக்கும்போதே பேட்டரியை மாற்ற வேண்டும். இல்லையேல் பூஜ்ஜிய நிலை தொலைந்துபோகலாம்.

இரண்டுக்கும் பொதுவான சந்தேகம் கேபிள். அச்சு ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் அலாரம் வந்தால், டிராக் செயினுக்குள் கம்பி முறிந்திருக்கலாம். பக்கத்து மோட்டார் ஓடத் தொடங்கும்போது வந்தால், ஷீல்டையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். என்கோடர், ரிசால்வர் எதை மாற்றினாலும் கோண ஆஃப்செட்டைச் சரிசெய்ய வேண்டிய மோட்டார்கள் உண்டு; அதைத் தவறவிட்டால் மோட்டார் கட்டுமீறி ஓடக்கூடும்.

வெப்பமும் அதிர்வும் மிகுந்த இடத்துக்கு ரிசால்வர், நுண்ணிய வேலைக்கு என்கோடர் என்பதே என் முடிவு. திரையில் எந்த அலாரம் வந்தாலும் புதுப் பாகத்துக்கு ஆர்டர் போடும் முன் கேபிளையும் கனெக்டரையும் சோதியுங்கள்.