விக்கிரமாதித்தன் – வேதாளம்: கதை கடைசியில் முடிஞ்சுதா, இல்லையா? அம்புலிமாமா வாசகர்கள் தேடும் கிளைமாக்ஸ்!

போடிநாயக்கனூர் பக்கம் சிலமலையில் 40 வயதைத் தாண்டிய ஒருவரிடம் 'வேதாளம்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த வார்த்தை 'முருங்கை மரம்' என்றுதான் வரும். விட்ட குடியை ஒருவர் மறுபடி தொட்டாலும் சரி, ஏறின ஏலக்காய் விலை மறுபடி இறங்கினாலும் சரி, "வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிருச்சு" என்பதுதான் தமிழ்நாட்டின் தீர்ப்பு.

சரி, அந்த வேதாளம் கடைசியில் என்ன ஆனது? விக்கிரமன் அதை மயானம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தானா? இங்கேதான் பலரும் முழிப்பார்கள். சின்ன வயதில் மாதம் தவறாமல் அம்புலிமாமா படித்தவர்கள்கூட, "அது முடியவே இல்லையே" என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அந்தக் கதைக்கு முடிவு உண்டு. ஏறக்குறைய ஆயிரம் வருஷமாகவே இருக்கிறது.

மாதாமாதம் தோற்ற ராஜா

அம்புலிமாமா 1947 ஜூலையில் சென்னையில் இருந்து வெளிவரத் தொடங்கியது. தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா' என இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. தொடங்கியவர்கள் பி.நாகிரெட்டியும் சக்கரபாணியும். ஆமாம், 'மாயா பஜார்' எடுத்த அதே விஜயா புரொடக்‌ஷன்ஸ் ஜோடிதான். பிறகு கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம் என்று பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. இலங்கையில் சிங்களத்திலும் வந்தது.

வேதாளக் கதைகள் அதில் தொடராக வர ஆரம்பித்தது 1950-களின் நடுவில். அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நள்ளிரவு, சுடுகாடு. மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு ராஜா நடப்பான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லி, முடிவில் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்துவிடும், வேதாளம் மறுபடி மரத்துக்குப் பறந்துவிடும்.

சொன்னாலும் தோல்வி, சொல்லாவிட்டாலும் சாவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயமாகத் தெரிந்திருக்கும்! 'பேசாம வாயை மூடிட்டு வர வேண்டியதுதானே' என்று ராஜாவைத் திட்டாத குழந்தை இருந்திருக்காது.

25 கதை எப்படி இத்தனை வருஷம் ஓடியது?

மூல நூலின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது. 'வேதாள பஞ்சவிம்சதி' என்றால் வேதாளத்தின் 25 கதைகள் என்று பொருள். 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்தைச் சேர்ந்த சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகரம்' என்ற சமஸ்கிருதப் பெருநூலுக்குள் இவை வருகின்றன.

மாதம் ஒரு கதை என்று போட்டால் 25 கதைகள் இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். ஆனால் வாசகர்களுக்கு அந்தப் பக்கம் பிடித்துப்போய்விட்டது. எனவே வேறு நாட்டுப்புறக் கதைகளையும் புதிதாக எழுதிய கதைகளையும் அதே சட்டகத்துக்குள் போட்டார்கள். முன்னால் சுடுகாடு, பின்னால் கேள்வி, நடுவில் எந்தக் கதையும் உட்காரும். இப்படித்தான் 25 கதைகள் நூற்றுக்கணக்கில் பெருகின.

விளைவு? 80-களிலும் 90-களிலும் படித்த குழந்தைக்குக் கிடைத்தது முழுக்க நடுப்பகுதிதான். தொடக்கம் அவர்கள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. முடிவு வந்தால் பத்திரிகைக்கு நஷ்டம். ஆகவே ராஜா நடந்துகொண்டே இருந்தான்.

அந்த நடையை நம் கண்ணில் நிறுத்தியவர் ஓவியர் சங்கர் என்ற கே.சி.சிவசங்கரன். தாராபுரம் பக்கத்து காரத்தொழுவு கிராமத்தில் 1924-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, 'கலைமகள்' இதழில் வேலை பார்த்து, 1952-ல் அம்புலிமாமாவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்பே 'சித்ரா' என்ற பெயரில் வரைந்துகொண்டிருந்தவரும் புகழ்பெற்றவர்தான். ஆனாலும் கையில் வாள், தோளில் பிணம், காலடியில் மண்டையோடு என்று இன்று நம் நினைவுக்கு வரும் படம் சங்கருடையது. 2020 செப்டம்பர் 29-ல் தன் 96-வது வயதில் காலமானார். மறைவுக்குப் பிறகு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இத்தனை தலைமுறைக்கு வரைந்தவருக்கு அந்த விருது உயிரோடு இருக்கும்போதே வந்திருக்கலாம்.

பத்திரிகையும் சொல்லாமலே நின்றது

1998-ல் ஒருமுறை அம்புலிமாமா நின்றது. ஒரு வருஷ இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தது. 2007-ல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. டிஜிட்டலுக்குப் போகப்போகிறார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் அந்த நிறுவனமே கடனில் சிக்கியது. அச்சு இதழ் 2013-ம் ஆண்டு வாக்கில் நின்றுபோனது. 2014-ல் ஜியோடெசிக்கை மூடிக் கணக்கு முடிக்க பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதே 2007-ல்தான், ஜூலை 21 அன்று, ஹாரி பாட்டரின் ஏழாவது, கடைசிப் புத்தகம் வெளியானது. முதல் 24 மணி நேரத்தில் அமெரிக்காவில் மட்டும் 83 லட்சம் பிரதிகள் விற்றன. உலகம் முழுக்கப் பிள்ளைகள் நள்ளிரவில் வரிசையில் நின்று வாங்கினார்கள், விடிய விடியப் படித்தார்கள், அழுதார்கள். முடிவு பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று இன்று வரை சண்டையும் போடுகிறார்கள். சண்டை போட அவர்களுக்கு ஒரு முடிவாவது இருக்கிறது.

அம்புலிமாமா பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. கடைசி இதழைக் கையில் எடுத்தவருக்கு அதுதான் கடைசி என்றே தெரியாது. அடுத்த மாதம் கடையில் கேட்டிருப்பார், 'வரலை' என்றிருப்பார்கள். அதற்கடுத்த மாதமும் அதே பதில். பழைய இதழ்களை இன்று விலை கொடுத்துத் தேடுபவர்களின் ஏக்கத்தில் பாதி இதுதான். முறையாக விடைபெற்றுக்கொள்ள ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை.

காமிக்ஸ் ரசிகர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றாலும், சிவகாசியின் லயன் – முத்து காமிக்ஸ் நீண்ட தொய்வுக்குப் பிறகு 2012-ல் புது வேகத்தோடு திரும்பி வந்தது. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய அந்த வரிசையை இப்போது வாங்கிக் குவிப்பவர்களில் பெரும்பாலோர் அன்றைய பிள்ளைகள்தான்.

அப்படின்னா, முடிவுதான் என்ன?

கதாசரித்சாகரம் சொல்வது இது. (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் ஆயிரம் வருஷத்துக் கதைக்கு இனி என்ன ஸ்பாய்லர்?)

ராஜாவிடம் ஒரு துறவி தினமும் ஒரு பழம் கொடுக்கிறான். ஒருநாள் குரங்கு அதைக் கடிக்க, உள்ளே இருந்து ரத்தினம் விழுகிறது. நன்றிக்கடனாக என்ன வேண்டும் என்று ராஜா கேட்க, சுடுகாட்டு மரத்தில் இருக்கும் பிணத்தைக் கொண்டுவரச் சொல்கிறான் துறவி. ஆக, ராஜா நடப்பது அந்த வாக்குக்காகத்தான். இதையே பல வாசகர்கள் மறந்திருப்பார்கள்.

23 கேள்விகளுக்கும் ராஜா பதில் சொல்லி, 23 முறையும் திரும்பி நடக்கிறான். 24-வது கதை வருகிறது. போரில் கணவனை இழந்த ஒரு ராணியும் அவள் மகளும் காட்டுக்குள் தப்பி ஓடுகிறார்கள். வேட்டைக்கு வந்த ஒரு தலைவனும் அவன் மகனும் அவர்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய பாதம் உள்ளவள் அப்பாவுக்கு, சின்னப் பாதம் உள்ளவள் மகனுக்கு என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். நேரில் பார்த்தால் சின்னப் பாதம் அம்மாவுக்கு, பெரிய பாதம் மகளுக்கு! பேச்சு மாறக் கூடாதே. அப்பா மகளையும், மகன் அம்மாவையும் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டு ஜோடிக்கும் குழந்தைகள் பிறந்தால், அந்தக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை?

ராஜா யோசிக்கிறான். விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான்.

அவ்வளவுதான், வேதாளம் பறக்கவில்லை. தெரிந்ததை மறைத்தால்தானே தலை வெடிக்கும்? ராஜாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. 23 முறை அறிவு கைகொடுக்காத இடத்தில், தெரியாமைதான் அவனைக் காப்பாற்றுகிறது. அம்புலிமாமாவில் இது மாதாமாதம் நடக்க வழியே இல்லை. பதில் இல்லாத கதையைப் படித்துவிட்டு எந்தக் குழந்தை சும்மா இருக்கும்?

மனம் இளகிய வேதாளம் அப்போதுதான் உண்மையைச் சொல்கிறது. அந்தத் துறவி உன்னைப் பலி கொடுக்கப்போகிறான். கீழே விழுந்து கும்பிடச் சொல்வான். 'நான் ராஜா, எனக்குக் கும்பிட்டுப் பழக்கமில்லை, நீ செய்து காட்டு' என்று சொல். அவன் குனிந்ததும் வெட்டிவிடு. ராஜா அப்படியே செய்கிறான். வரம் கேள் என்றதும், இந்தக் கதைகள் எல்லாம் உலகத்தில் புகழோடு இருக்க வேண்டும் என்று கேட்கிறான். கேள்வியோடு வந்த 24 கதைகளுடன், ராஜாவின் இந்தக் கதையே 25-வது கதையாகச் சேர்கிறது.

அதாவது, இத்தனை நாள் எதிரி என்று நாம் நினைத்த வேதாளம்தான் கடைசியில் ராஜாவின் உயிரைக் காப்பாற்றியது.

தமிழ்நாட்டு வேதாளம் கொஞ்சம் வேற

மூலத்தில் அது முருங்கை மரமே இல்லை, சிம்சபா என்ற மரம். முருங்கை நம்ம ஊர் ஏற்பாடு. தேனி மாவட்டத்துக்கு அதில் கூடுதல் உரிமை உண்டு. தமிழ்நாடு முழுக்கப் பயிராகும் பி.கே.எம்-1 முருங்கையில் 'பி.கே.எம்' என்பது பெரியகுளம்தான், அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான ரகம்.

பெரிய எழுத்துப் புத்தகங்களாக ஊர் ஊராக விற்ற 'விக்கிரமாதித்தன் கதை'யிலோ, வேதாளம் ராஜாவுக்கு வேலைக்காரனாகவே ஆகிவிடும். பட்டி என்ற மதியூகி மந்திரியும் அதில் உண்டு. விக்கிரமாதித்தனின் ஆயுளை நீட்டப் பட்டி சொன்ன யோசனைதான் 'நாடாறு மாதம், காடாறு மாதம்'. மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்த் தங்கி, பிறகு ஊர் திரும்பும் போடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்த வரியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போ எங்கே பார்க்கலாம், படிக்கலாம்?

1985-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகர் எடுத்த இந்தித் தொடர் வந்தது. 2017-ல் புஷ்கர் – காயத்ரி இயக்கிய 'விக்ரம் வேதா' இதே சட்டகத்தைப் போலீஸ் – ரவுடி கதையாக மாற்றியது. விஜய் சேதுபதி கதை சொல்லிக் கேள்வி கேட்பார், மாதவன் பதில் சொல்வார். அந்தப் படமும் இருவரும் துப்பாக்கியோடு நிற்கும் இடத்தில்தான் முடியும். யார் சுட்டது என்று காட்ட மாட்டார்கள். அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு அது பழகின முடிவு.

மூல முடிவைப் படிக்க விரும்பினால், 'கதாசரித்சாகரம்' என்ற பெயரில் நூலகத்தில் தேடலாம். அதில் ராஜாவின் பெயர் விக்கிரமன் அல்ல, திரிவிக்கிரமசேனன். வேதாளக் கதைகள் என்று மட்டும் கேட்டால் சட்டகத்தை விட்டுவிட்டுத் தனிக் கதைகளை மட்டும் தொகுத்த புத்தகம் கைக்கு வரலாம். வாங்கும் முன் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, துறவி வருகிறானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.