தமிழ்நாட்டில் தாவணியும் சுடிதாரும்

தமிழ்நாட்டுப் பெண்களின் அன்றாட உடை 1980களுக்குப் பின் பெரிதும் மாறியது. பாவாடை தாவணியும் புடவையும் இருந்த இடத்தில் சுடிதார் பரவியது. பெண்களின் கல்வி, வேலை, பயணம் ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றங்களோடு இது தொடர்புடையது.

பருவம் காட்டிய உடை

முன்னர் பெண்ணின் உடையே அவளது பருவத்தைச் சொல்லியது. சிறுமியர் பாவாடை சட்டை அணிந்தனர். பூப்பெய்திய பின் தாவணியும், திருமணத்திற்குப் பின் புடவையும் வழக்கமாயின. தாவணி போட்ட நாள் முதல் விளையாட்டு, வெளியே செல்லுதல், பேச்சு ஆகியவற்றில் கட்டுப்பாடுகள் கூடின. பல குடும்பங்களில் பள்ளிப் படிப்பும் அத்துடன் நின்றது.

சுடிதாரின் வருகை

வட இந்தியாவில் சுடிதார் என்பது கணுக்காலில் சுருக்கம் விழும் இறுக்கமான கால்சட்டையை மட்டும் குறிக்கும். தமிழில் மேல்சட்டை, கால்சட்டை, துப்பட்டா மூன்றும் சேர்ந்த முழு உடைக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. தொடக்கத்தில் வடநாட்டு உடையாகக் கருதப்பட்ட இதனை நகரக் கல்லூரி மாணவியர் முதலில் ஏற்றனர். பேருந்து நெரிசலுக்கும் மிதிவண்டிக்கும் இது வசதியாக இருந்தது. 1990களில் இசுக்கூட்டி போன்ற இலகுவகை வண்டிகள் வந்தபின் இதன் தேவை மேலும் கூடியது.

1989இல் மாநில அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடஒதுக்கீடு அளிக்கப்பட்டது. 2000இல் சென்னையில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருகப் பெருக, திருமணமானவர்களும் சுடிதார் அணியத் தொடங்கினர். பின்னர் நடுவயதினரும் பாட்டிமாரும் அதனை ஏற்றனர். இதனால் உடையைக் கொண்டு ஒருவர் மணமானவரா என்று அறிய முடியாத நிலை ஏற்பட்டது. அரசுப் பள்ளி மாணவியரின் சீருடையிலும் தாவணிக்கு மாற்றாகச் சுடிதார் வந்தது.

வீட்டுக்குள் நிகழ்ந்த மாற்றம் நைட்டி ஆகும். இரவு உடையாக வந்த இது, வீட்டு வேலை செய்யும் பகல் உடையாக மாறியது. வாசலுக்கு வரும்போது தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

கட்டுப்பாடுகளும் எதிர்ப்பும்

உடை மாற்றம் எதிர்ப்பின்றி நடைபெறவில்லை. 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் மாணவியர் ஜீன்ஸ், டி-சட்டை போன்றவற்றை அணியத் தடை விதித்தது. 2015இல் ஓர் இதழ், லெகிங்ஸ் அணிந்து தெருவில் சென்ற பெண்களின் படங்களை அட்டையில் வெளியிட்டு அவ்வுடையைக் கண்டித்தது. இதற்குப் பெண்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது.

அதே ஆண்டு இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதித்தது. புடவை, தாவணி ஆகியவற்றுடன் துப்பட்டா அணிந்த சுடிதாரும் அதில் தகுந்த உடையாக ஏற்கப்பட்டது. அக்கட்டுப்பாடு பின்னர் நீக்கப்பட்டது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கான அரசாணையும் சுடிதாரை அனுமதித்து, துப்பட்டாவைக் கட்டாயமாக்கியது.

இன்றைய நிலை

தாவணி இன்று பொங்கல், திருமணம், கல்லூரி விழா ஆகியவற்றில் விருப்ப உடையாக அணியப்படுகிறது. புடவை விழாக்களிலும் சில பணியிடங்களிலும் நீடிக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் அயல் உடையாகப் பார்க்கப்பட்ட சுடிதார் அடக்கமான உடையாக ஏற்கப்பட்டுவிட்டது. அன்று அதன்மீது எழுந்த குறைகூறல் இன்று ஜீன்ஸ், லெகிங்ஸ் ஆகியவற்றின்மீது எழுகிறது.