வாட்டும் பெட்டியும்: ஜாஸ் கிதார் ஆம்ப்ளிஃபயரின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

1936இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட இ.எஸ்.-150 கிதாருக்குத் துணையாக வந்த ஆம்ப்ளிஃபயரின் திறன் சுமார் 15 வாட். 1970களில் ஜோ பாஸ், ஹெர்ப் எல்லிஸ் போன்றவர்கள் ஒரு கையில் தூக்கிச் சென்ற பாலிடோன் பெட்டியின் திறன் ஏறத்தாழ 100 வாட். இந்த இடைக்காலத்தில் ஜாஸ் குழு வளரவில்லை, சுருங்கியது. பதினைந்து பேர் சேர்ந்து வாசித்த ஸ்விங் குழுக்களின் காலம் போய், மூவரும் நால்வரும் வாசிக்கும் சிறு குழுக்களின் காலம் வந்தது. குழு சிறுத்தபோது வாட் ஏன் ஆறேழு மடங்கு கூடியது?

ராக் இசையின் சத்தத்தைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் ஜாஸ் கலைஞர்கள் அந்தச் சத்தத்தை நாடவில்லை. ஆம்பைக் கரகரக்க விடாமல் வாசிப்பதே அவர்கள் வழக்கம். விடை ஸ்பீக்கர் பெட்டியில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. பெட்டி சிறுத்தது, அதனால் வாட் பெருகியது. இந்தத் தொடர்பைக் காலவரிசையில் விளக்கி, இன்று ஆம்ப் வாங்குபவருக்கு அதிலிருந்து கிடைக்கும் அளவுகோல்களையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

1. மின்சாரம் வருவதற்கு முன்

1920களின் ஜாஸ் குழுக்களில் தாளம் பிடித்தது பெரும்பாலும் பேஞ்சோ. 1922இல் கிப்சனின் எல்-5 வந்தது. வயலினைப் போல மேற்பலகையைக் குடைந்து வளைத்து, எஃப் வடிவத் துளைகள் இட்ட கிதார் அது. எடி லாங் போன்றோர் கையில் கிதார் பேஞ்சோவின் இடத்தைப் பிடித்தது. ஆனாலும் ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முழங்கும்போது ஒற்றைத் தந்தி மீட்டல் சபைக்கு எட்டாது.

1937இல் கவுன்ட் பேஸியின் குழுவில் சேர்ந்த ஃப்ரெடி கிரீன் இந்த எல்லைக்குள்ளேயே ஒரு கலையை வளர்த்தார். தந்திகளை உயரமாக ஏற்றிக் கட்டி, ஒரு சுற்றுக்கு நான்கு அடி என்று சீராக அடித்தார். ட்ரம்ஸும் பேஸும் ஒன்றாகச் சேரும் இடத்தை அந்த அடி இறுக்கிப் பிடித்தது. ஆனால் கிதார் தனியாகப் பேச வேண்டுமானால் வேறு வழி வேண்டியிருந்தது.

2. முதல் பெட்டி

இ.எஸ்.-150 என்ற பெயரில் உள்ள எண் விலையைக் குறிப்பது. கிதார், இ.எச்.-150 ஆம்ப், இணைக்கும் வயர் மூன்றும் சேர்ந்து சுமார் 150 டாலர். ட்வீட் துணி ஒட்டிய அந்த ஆம்பில் தொடக்கத்தில் 10 அங்குல ஸ்பீக்கரும், விரைவில் 12 அங்குல ஸ்பீக்கரும் வந்தன. அதிலிருந்தது ஃபீல்டு காயில் வகை ஸ்பீக்கர். வலுவான நிரந்தரக் காந்தம் மலிவாகக் கிடைக்காத காலம் என்பதால், மின்சாரம் பாயும் சுருளே காந்தமாக வேலை செய்தது. அதே சுருள் மின்வழங்கியின் இரைச்சலை வடிகட்டும் சோக்காகவும் பயன்பட்டது. ஒரே உறுப்பு இரண்டு வேலை செய்தது.

1938இல் எடி டர்ஹம் கான்சஸ் சிட்டி ஃபைவ் பதிவுகளில் மின் கிதார் வாசித்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் ஓக்லஹோமா சிட்டியில் வளர்ந்த 23 வயது சார்லி கிறிஸ்டியன், இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்டின் பரிந்துரையால் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். அந்த ஆண்டு பதிவான 'ஃப்ளையிங் ஹோம்' இசையைக் கேட்டால், கிளாரினெட்டுக்கும் வைப்ராஃபோனுக்கும் சமமாகக் கிதாரும் நிற்பது தெரியும். ஒவ்வொரு சுரமும் சாக்ஸஃபோன் ஊதியதுபோல் உருண்டு, தடித்து வருகிறது. 1942 மார்ச்சில் காசநோயால் 25 வயதில் அவர் இறந்தார். மூன்றாண்டுகூட முழுதாகக் கிடைக்காத அந்த இசை வாழ்வில், ஜாஸ் கிதாரின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர் நிலைநாட்டிவிட்டார். அந்த ஒலியைச் சுமந்தது ஒரு ஸ்பீக்கரும் 15 வாட்டும்தான்.

3. கூவலும் கிதாரின் உடலும்

மின்னொலி புதிய சிக்கல் ஒன்றையும் கொண்டு வந்தது. உட்கூடு கொண்ட கிதாரின் மேற்பலகை ஒரு தோல் கருவிபோல அதிரக்கூடியது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அந்தப் பலகையை அதிரவைக்க, பிக்கப் அதை மீண்டும் ஆம்புக்கு அனுப்ப, சுற்று முடிந்து கூவல் பிறக்கிறது. கல்யாண மண்டப மைக் கூவுவதும் இதே காரணத்தால்தான்.

1949இல் வந்த இ.எஸ்.-175இல் குடைந்த பலகைக்குப் பதிலாக ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்துப் பயன்படுத்தினார்கள். அது குறைவாக அதிர்ந்தது; கூவலும் குறைந்தது; விலையும் இறங்கியது. கிப்சனில் சேத் லவர் வடிவமைத்து 1957இல் கிதார்களில் இடம்பெற்ற ஹம்பக்கர் பிக்கப், மின்விளக்கு வயர்களிலிருந்து வரும் ஹம் இரைச்சலைப் போக்கியது. இந்த மாற்றங்களோடு கழுத்துப் பக்கப் பிக்கப், வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் தந்தி ஆகியவையும் சேர்ந்து ஜாஸ் கிதாரின் வழக்கமான ஒலி உருவானது. இனி ஆம்ப் செய்ய வேண்டியது ஒன்றே: தன் குரலைக் கலக்காமல் அதை உரக்கச் சொல்ல வேண்டும்.

4. வால்வுக் காலம்: உரக்கப் பேசிய ஸ்பீக்கர்கள்

1950களின் ஆம்ப்கள் எல்லாம் வால்வு ஆம்ப்கள். வாட்டுக்குச் செலவு அதிகம். அதனால் ஒவ்வொரு வாட்டையும் வீணாக்காத ஸ்பீக்கர் தேவைப்பட்டது. ஜிம் ஹால் நெடுங்காலம் பயன்படுத்திய கிப்சன் ஜி.ஏ.-50இல் 12 அங்குல ஸ்பீக்கரும் 8 அங்குல ஸ்பீக்கரும் அருகருகே இருந்தன. பெரியது உடம்பைக் கொடுத்தது. சிறியது சொல்லின் தெளிவைக் கொடுத்தது. பியானோ கலைஞர் பில் எவன்ஸுடன் அவர் வாசித்த 1962ஆம் ஆண்டின் 'அண்டர்கரன்ட்' தொகுப்பில் ஆம்பின் ஒலி தாழ்ந்து, தந்தியின் இயல்பான ஒலியே தாளம் காட்டும் இடங்கள் உண்டு. குறைத்து வைப்பதும் ஆம்பைக் கையாளும் கலைதான் என்பதற்கு அது சான்று.

நியூயார்க்கில் எவரெட் ஹல் நடத்திய ஆம்பெக் நிறுவனம் டபுள் பேஸ் கருவியின் அடித்தாங்கு கோலுக்குள் பிக்கப் வைத்ததிலிருந்து தொடங்கியது. பெயரும் அதிலிருந்தே வந்தது. ஹல்லுக்குக் கரகரப்பு அறவே பிடிக்காது. ராக் அண்ட் ரோல் பெருகிய காலத்திலும் ஜாஸ் கலைஞர்களுக்கேற்ற தெளிந்த ஒலியையே தன் ஆம்ப்களில் அவர் காத்தார். ஸ்பிரிங் எதிரொலியை உள்ளே வைத்த அவருடைய ரிவர்பராக்கெட் 1961இல் வந்தது.

கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் 1963இல் கொண்டுவந்த ட்வின் ரிவர்ப் 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 29 கிலோ எடை. அதன் டோன் குமிழ்களை நடுவில் வைத்தால் 400–500 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி பள்ளமாகும். ஜாஸ் கார்டின் உள் சுரங்கள் வாழும் இடம் அதுவே. அதனால் பேஸையும் ட்ரெபிளையும் நன்கு குறைத்து, மிடிலை ஏற்றி வைத்தால்தான் பள்ளம் நிரம்பிக் கிதாரின் இயல்பு வெளிப்படும். கிரான்ட் கிரீன் தம் ஆம்பில் பேஸையும் ட்ரெபிளையும் அணைத்து மிடிலை முழுதும் ஏற்றி வாசித்ததாக ஜார்ஜ் பென்சன் வழியாகத் தெரிகிறது. பலரும் காதால் கண்டுகொண்ட ஒன்று அது.

இந்தக் காலப் பெட்டிகளில் பெரும்பாலானவை முதுகுப் பக்கம் திறந்தவை. ஸ்பீக்கரின் கோன் (அதிரும் கூம்பு) முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் ஓரங்களில் சந்தித்து ஒன்றையொன்று அழிப்பதால் ஆழ்ந்த பேஸ் குறையும். கிதாரின் தாழ்ந்த தந்தி எழுப்பும் அலை 82 ஹெர்ட்ஸ். அதன் நீளம் நான்கு மீட்டருக்கும் மேல். அவ்வளவு நீண்ட அலையை ஒரு சிறிய பலகைத் தட்டி பிரித்து வைக்க முடியாது. ஆழத்தை விட்டுக்கொடுத்து உரப்பைப் பெற்ற பெட்டிகள் இவை.

5. பெட்டியின் விதி

கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தை 1957இல் தொடங்கிய மூவரில் ஒருவர் ஆன்டன் ஹாஃப்மன். பியானோ மேதை யோசஃப் ஹாஃப்மனின் மகன். அவர் பெயரால் வழங்கும் விதி எளிமையானது. பெட்டி சிறிதாக இருக்க வேண்டும், பேஸ் ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த வாட்டில் உரக்க ஒலிக்க வேண்டும் என்ற மூன்று ஆசைகளில் இரண்டுதான் நிறைவேறும். மூன்றாவதை விட்டே ஆக வேண்டும்.

இதைக் கணக்கில் காணலாம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளக்கும்போது 100 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் ஒன்று. 91 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் மற்றொன்று. ஒவ்வொரு 3 டெசிபெல் வேறுபாட்டுக்கும் வாட் இரட்டிக்க வேண்டும். ஆகவே 9 டெசிபெல்லுக்கு எட்டு மடங்கு. முதல் ஸ்பீக்கரில் 15 வாட் செய்யும் வேலையை இரண்டாவது ஸ்பீக்கரில் செய்ய 120 வாட் வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

6. டிரான்சிஸ்டர் காலம்

மலிவான வாட்டை டிரான்சிஸ்டர் கொடுத்தது. அக்கார்டியன் கலைஞரான டாமி கமினா 1960களின் இறுதியில் தொடங்கிய பாலிடோன் நிறுவனம் அந்த வாட்டைச் சிறு பெட்டிக்குள் செலவழித்தது. மினி ப்ரூட் வரிசைப் பெட்டிகள் கனசதுரம்போல் கச்சிதமாக, மூடிய முதுகுடன் இருந்தன. உள்ளே ஒரு 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர். மூடிய பெட்டியில் பின்பக்க அலை வெளியே வராததால் பேஸ் இறுக்கமாக நின்றது. டாக்சியின் பின் சீட்டில் ஏற்றிப்போய், கிளப்பின் மூலையில் நாற்காலி போட்டு வைத்துவிடலாம். வெஸ் மான்ட்கோமரியும் தம் பிற்காலத்தில் 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஸ்டான்டல் டிரான்சிஸ்டர் ஆம்பை வாசித்திருக்கிறார். டிரான்சிஸ்டரின் ஒலி ஈரமற்றது என்று ராக் கலைஞர்கள் விலகியபோது, அதே தெளிவுக்காக ஜாஸ் கலைஞர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

1975இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் பெயரிலேயே ஜாஸைச் சேர்த்து ஜே.சி.-120ஐ வெளியிட்டது. 120 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். ஒரு ஸ்பீக்கரில் நேர் ஒலியும் மற்றதில் சற்றே அலைந்த ஒலியும் வர, இரண்டும் அறையின் காற்றில் கலந்து கோரஸ் பிறந்தது. சிறு பெட்டி வரலாற்றில் இது ஒரு கிளைப் பாதை. ஆனால் இசை மேடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் இன்றுவரை நிற்கும் ஆம்ப் இது.

7. தலையும் பெட்டியும் பிரிந்த காலம்

காற்றுத் துளையிட்ட பெட்டிகளைக் கணக்கிட்டு வடிவமைக்கும் முறையை ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் உருவாக்கினார்கள். பெட்டியின் கொள்ளளவும் துளையின் நீளமும் ஸ்பீக்கரின் இயல்போடு பொருந்தினால், முதுகுப்பக்க அலையே பேஸுக்குத் துணை வரும். ஊகமாக இருந்த தச்சு வேலை கணக்காக மாறியது.

ஜாஸ் கிதாருக்கு இந்த அறிவை நேரடியாகக் கொண்டு வந்தவர்களில் ரிச் ரேசர் முக்கியமானவர். பென்சில்வேனியாவில் அவர் கையால் செய்த ரேசர்ஸ் எட்ஜ் பெட்டிகள் 8, 10, 12 அங்குல ஸ்பீக்கர்களுடன், துளையிட்ட அமைப்பில் வந்தன. அதற்கேற்ற எடை குறைந்த ஆம்ப் தலையை, அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்பை, வட கரோலினாவின் அக்கூஸ்டிக் இமேஜ் நிறுவனம் கொடுத்தது. கொலராடோவின் ஹென்ரிக்சன் 10 அங்குல ஸ்பீக்கரையும் ஐந்து பட்டை ஈக்வலைசரையும் ஒரே பெட்டியில் வைத்தது. ஜெர்மனியின் ஏ.இ.ஆர். காம்பேக்ட் 60 எட்டு அங்குல ஸ்பீக்கருடன் ஆறரை கிலோ எடையில் அடங்கியது. கிளாஸ் டி மின்சுற்று வாட்டின் எடையைக் குறைக்க, 1980களில் கண்டறியப்பட்ட நியோடிமியம் காந்தம் ஸ்பீக்கரின் எடையைக் குறைத்தது. ஹாஃப்மன் விதி மாறவில்லை. அதற்குச் செலுத்த வேண்டிய விலைதான் மலிவானது.

8. தேர்வுக்கு வரலாறு தரும் அளவுகோல்கள்

முதலில் கிதார். குடைந்த பலகைக் கிதார் பெரிய பேஸ் தரும் பெட்டியோடு சேர்ந்தால் கும்மென்று முழங்கிக் கூவும். அதற்கு மூடிய 8 அல்லது 10 அங்குலப் பெட்டி பொருந்தும். ஒட்டுப்பலகைக் கிதாருக்கு 12 அங்குலம் உடம்பு கூட்டும்.

இரண்டாவது இடம். தனி வாசிப்புக்கும் பாடகருக்குத் துணை வாசிப்பதற்கும் சிறு பெட்டி போதும். ட்ரம்ஸ் உள்ள குழுவுக்குக் கோனின் பரப்பு வேண்டும். பெட்டியைச் சுவரோரம் தரையில் வைத்தால் பேஸ் கூடும். நாற்காலியில் ஏற்றினால் தெளியும். கிதாரின் முகம் ஸ்பீக்கரைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்வது கூவலுக்கு முதல் மருந்து.

மூன்றாவது எண்கள். வாட்டைப் பார்க்கும் முன் ஸ்பீக்கரின் டெசிபெல் அளவைப் பாருங்கள். தலையும் பெட்டியும் தனித்தனியாக வாங்கினால் ஓம் கணக்குப் பொருந்த வேண்டும்: 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகும், ஆம்ப் அதைத் தாங்குமா என்று உறுதி செய்ய வேண்டும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கவே கூடாது.

முடிவுரை

ஜாஸ் கிதார் ஆம்ப்ளிஃபயரின் வரலாறு சத்தத்தைத் தேடிய வரலாறாகத் தோன்றினாலும், அதன் உள்ளோட்டம் பெட்டியைப் பற்றியது. உரக்கப் பேசும் ஸ்பீக்கருக்கு 15 வாட் போதுமாக இருந்தது. தூக்கிச் செல்லும் சிறு பெட்டிக்கு 100 வாட் தேவைப்பட்டது. காதுக்கு வந்து சேர்ந்த இசையின் அளவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஆம்ப் வாங்கப் போகிறவர் தன் கிதாரை உடன் எடுத்துச் செல்லட்டும். ஒரே தலையை இரண்டு மூன்று பெட்டிகளில் மாற்றி இணைத்து, தாழ்ந்த தந்தியில் ஒரு சுரமும் நடுத்தந்திகளில் ஒரு கார்டும் வாசித்துக் கேட்கட்டும். முதலில் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். வாட் அதன் பின்னால் வரும்.