கண்ணாடியில் பிறந்த கமகம்

சட்டைப்பையில் அடங்கும் கைபேசியை விரலால் தொட்டு வாசிக்கத்தக்க ஒரு வாத்தியமாக்கிய முயற்சி நேற்றுத் தோன்றிய நூதனம் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் அதன் வம்சாவளியைத் தேடிச் செல்பவர், 1920-ஆம் ஆண்டில் ருஷ்யாவின் பெட்ரோகிராட் நகரத்திலிருந்த பௌதிக ஆய்வுக்கூடம் ஒன்றில் போய் நிற்க வேண்டியிருக்கும். அங்கே லெவ் தெர்மென் என்ற இளம் விஞ்ஞானி, வாயுக்களின் மின்குணங்களை அளப்பதற்கென்று ஒரு கருவியை அமைத்துக்கொண்டிருந்தபோது, தம் கை அதை நெருங்க நெருங்க அதிலிருந்து எழும் ஒலியின் சுருதி மாறுவதைக் கவனித்தார். இளமையில் செல்லோ பயின்றவராதலால், அந்த ஏற்றஇறக்கத்தில் அவருக்கு சங்கீதம் கேட்டது.

மனித உடல் மின்னூட்டத்தைத் தேக்கிக்கொள்ள வல்லது என்ற பௌதிக உண்மையே இதற்கு ஆதாரம். தெரமின் என்று பெயர் பெற்ற அவ்வாத்தியத்தில், காதுக்கு எட்டாத இரு மின்னலைகளின் அதிர்வெண் வேற்றுமையே ஸ்வரமாகக் கேட்கிறது; ஆன்டெனாவை நெருங்கும் கை அவற்றுள் ஒன்றைச் சிறிதே மாற்றிவிட, ஸ்வரம் பெரிதும் மாறுகிறது. 1922-ல் கிரெம்ளினில் லெனின் முன்னிலையில் வாசித்துக் காட்டப்பட்ட இதனை, 1929-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஏறத்தாழ 500 செய்து, எவரும் எளிதில் வாசிக்கலாம் என்று விளம்பரமும் செய்தது. உண்மையோ நேர்மாறாக இருந்தது. தொடுவதற்குத் தந்தியோ, நிலைகொள்வதற்கு மெட்டோ இல்லாத வெற்றுவெளியில் ஸ்வரஸ்தானத்தைப் பிடிப்பது காதால் மட்டுமே ஆகக்கூடிய காரியமாதலால், கிளாரா ராக்மோரைப் போன்று வயலினில் பழுத்த ஞானம் பெற்றவர்களுக்கே அது வசப்பட்டது.

விரலுக்கு ஓர் ஆதாரம் வேண்டும் என்பதை உணர்ந்து, பாரிஸில் மொரீஸ் மார்த்தெனோ 1928-ல் மோதிரம் பூட்டிய கயிற்றையும், பெர்லினில் பிரீட்ரிஷ் டிராவுட்வைன் 1930-ல் உலோகத் தண்டின்மீது அழுத்தி வாசிக்கும் கம்பியையும் கொண்டு தத்தம் வாத்தியங்களை வகுத்தனர். ஆயினும் பிற்காலத்து மின்னிசையை ஆண்டது விசைப்பலகையே. 1983-ல் வந்த, மின்வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் மிடி என்னும் பொதுமொழியும் விசையை அழுத்துவது, விடுவது என்ற இரு செயல்களையே முதன்மையாகக் கொண்டு அமைந்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் பாதைக்கு அதில் இரண்டாம் இடமே கிடைத்தது. அந்த இழப்பின் கனம் நம்மவர்க்குப் புதிதன்று. அவ்வாறு ஸ்வரங்களுக்கிடையே இழையும் கமகத்தைக் காட்டமாட்டாத ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940-ல் விதித்த தடை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்ததை இசையுலகம் அறியும்.

விசைப்பலகையின் ஆட்சிக்கு மாற்று, சங்கீதத்தோடு சம்பந்தமே இல்லாத ஓரிடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் மால்வெர்னில் இருந்த ராடார் ஆய்வு நிலையத்தில், விமானப் போக்குவரத்தைக் கண்காணிப்போரின் வசதிக்காக, விரலின் ஸ்பரிசத்தை உணரும் திரையை ஈ. ஏ. ஜான்சன் 1965-ல் விவரித்து எழுதினார். மின்கடத்தியின்மீது விரல் படும்போது மின்தேக்கம் மாறுகிறது. மாறிய இடத்தைக் கருவி அறிந்துகொள்கிறது. தெர்மெனின் கையை உணர்ந்ததும் இதே குணந்தான். 2007-ல் ஐபோன் வெளிவந்தபோது, பல விரல்களை ஏககாலத்தில் உணரும் அத்தகைய கண்ணாடி சாமானிய மனிதனின் கைக்கு வந்து சேர்ந்தது.

அதே ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கீ வாங் முதலானோர் கைபேசிகளையே வாத்தியங்களாகக் கொண்ட குழு ஒன்றை நிறுவினர். கையுறையில் பொருத்திய சிறு ஒலிபெருக்கிகளோடு அதன் கலைஞர்கள் மேடையேறினர். பின்னர், கீ வாங் பங்குகொண்டு தொடங்கிய ஸ்மியூல் நிறுவனம் 2008 நவம்பரில் ஒகரினா என்ற செயலியை வெளியிட்டது. மண்ணால் செய்த பழங்குழலான ஒகரினாவைப் போன்றே, வாசிப்பவர் கைபேசியின் மைக்கில் மெல்ல ஊதுகிறார். திரையிலுள்ள நான்கு வட்டங்களை விரல்களால் மூடியும் திறந்தும் ஸ்வரங்களைப் பெறுகிறார். கருவியைச் சற்றுச் சாய்த்தால் ஒலி நடுங்குகிறது. பேசுவதற்கென்று வைத்த மைக்கை மூச்சை அளக்கும் துளையாகக் கண்ட அந்தக் கற்பனையை நான் பெரிதும் போற்றுகிறேன். கருவிக்குள் புதிதாக எதையும் சேர்க்காமல், இருந்ததை வாத்தியக்காரரின் கண்கொண்டு பார்த்ததே அதன் சிறப்பு.

கமகத்தின் பசியை ஆற்றியது வேறொரு செயலி. ஒலி எழுப்பும் தந்தியின் இயக்கத்தைக் கணிதமாக வடித்த ஜூலியஸ் ஸ்மித்தின் ஆராய்ச்சியும், விசைப்பலகை வித்வான் ஜோர்டன் ரூடெஸின் அனுபவமும் கூடி, 2015-ல் ஐபேடுக்கென ஜியோஷ்ரெட் வெளிவந்தது. அதில் விரல் கண்ணாடியின்மேல் இழையும்போது சுருதி இடையறாது தொடர்கிறது. விரல் நின்ற இடத்தில் அண்டை ஸ்வரத்தோடு தானே ஒட்டிக்கொள்ளுமாறும், எவ்வளவு விரைவில் ஒட்டவேண்டும் என்பதையும் வாசிப்பவர் அமைத்துக்கொள்ளலாம். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்து நிற்கும் அழகை எந்த விசையும் தராது. அதைக் கண்ணாடியின்மேல் ஒற்றை விரலின் அசைவு தருகிறது. கர்நாடக இசைக் கலைஞர் மகேஷ் ராகவன் ஐபேடில் ராகம் வாசித்து இதைப் பலர் அறியச் செய்தார். ஐபேடுக்கு அப்பாலும், லிப்போல்ட் ஹேக்கன் செய்த கான்டினுவம் என்னும் மெத்தென்ற தொடுபலகையை ஏ. ஆர். ரஹ்மான் தம் இசையில் வாசித்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. வழவழப்பான கண்ணாடி விரலுக்கு எந்த எதிர்ப்பையும் காட்டாது. தானே ஒட்டும் வசதியை விலக்கிவிட்டால், தெரமினைப் போலவே காதுதான் துணை. தொடுகைக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள தாமதம், தொடக்ககால ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தாளத்தையே குலைக்குமளவு பெரிதாயிருந்தது. ஆண்டுகள் செல்ல அது பெரிதும் குறைந்தது.

இவற்றினும் என்னை வருத்துவது இவ்வாத்தியங்களின் அற்பாயுள். 1929-ல் செய்த தெரமின்களைப் பழுதுபார்த்து இன்றும் வாசிக்கின்றனர். ஆனால் 2017-ல் ஐபோனின் இயங்குதளம் 32 பிட் செயலிகளைக் கைவிட்டபோது, புதுப்பிக்க ஆளில்லாதவை புதிய கருவிகளில் ஊமையாயின. நமது அருங்காட்சியகங்களும் இசைக் கல்லூரிகளும் பழைய வீணைகளைக் காப்பதுபோலவே, இச்செயலிகள் உள்ள பழைய கைபேசிகளையும் இயங்கும் நிலையிலேயே சேகரித்து வைக்க முன்வரவேண்டும். வாசகர்களும் தம் பழைய கைபேசியை எடைக்குப் போடுமுன், அதில் இசைச் செயலி ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டுகிறேன்.