குறை அல்டோஸ்டிரோன் நிலை

குறை அல்டோஸ்டிரோன் நிலை என்பது அண்ணீரகச் சுரப்பியின் புறணியில் சுரக்கும் அல்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் குருதியில் இயல்பை விடக் குறைந்திருக்கும் நிலையாகும். இதனால் குருதி அழுத்தம் தாழும் என்று பொதுவாகக் கூறப்பட்டாலும், எல்லா நோயாளிகளிடமும் அவ்வாறு நிகழ்வதில்லை. சிலரிடம் அழுத்தம் உயர்ந்தே காணப்படும்.

செயற்பாடு

அல்டோஸ்டிரோன் சிறுநீரக நுண்குழல்களில் சோடியத்தை மீள உறிஞ்சச் செய்து, பொட்டாசியத்தைச் சிறுநீருடன் வெளியேற்றுகிறது. சோடியத்துடன் நீரும் தங்குவதால் குருதியின் கனவளவு பேணப்படுகிறது. அழுத்தம் தாழும்போது சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியை வெளியிடுகிறது. அதன்வழி உருவாகும் ஆஞ்சியோடென்சின், அல்டோஸ்டிரோன் சுரப்பைத் தூண்டுகிறது. இவ்வியக்குநீரை லண்டனில் சில்வியா சிம்ப்சன், ஜேம்ஸ் டெய்ட் ஆகியோர் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களுடன் இணைந்து 1953இல் பிரித்தெடுத்தனர்.

அழுத்தம் தாழ்தல்

1855இல் தாமஸ் அடிசன் விவரித்த அடிசன் நோயில் அண்ணீரகப் புறணியே சிதைவதால் கார்ட்டிசோல், அல்டோஸ்டிரோன் ஆகிய இரண்டும் குறைகின்றன. உப்பும் நீரும் சிறுநீரில் இழக்கப்பட்டு, எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல், மயக்கம், உப்பின் மீது தீராத வேட்கை ஆகியன தோன்றும். இவ்வேட்கையை வெறும் பழக்கமாகக் கருதலாகாது. 1940இல் அமெரிக்க ஆய்வாளர்களான வில்கின்ஸ், ரிக்டர் ஆகியோர் உப்பை அள்ளித் தின்ற மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினர். மருத்துவமனையில் வழக்கமான உணவு மட்டும் தரப்பட்ட அவன் சில நாட்களில் இறந்தான். அண்ணீரகக் குறைபாடு இறந்த பின்னரே தெரியவந்தது. அதுவரை அவன் தானாக உண்ட உப்பே அவனைக் காத்து வந்தது.

அழுத்தம் தாழாத நிலைகள்

நீரிழிவால் சிறுநீரகம் பழுதுற்றோரிடம் ரெனின் சுரப்புக் குறைவதால் அல்டோஸ்டிரோனும் குறையலாம். ஆயினும் சிறுநீரகப் பழுதினால் உப்பும் நீரும் உடலில் தேங்குவதால் இவர்களது குருதி அழுத்தம் இயல்பாகவோ உயர்ந்தோ இருக்கும். இங்கு உண்மையான ஆபத்து பொட்டாசியம் மிகுவதே; அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்து உயிரைப் பறிக்கக்கூடும். உயர் குருதி அழுத்தத்திற்காகத் தரப்படும் எனலாப்ரில், லோசார்ட்டன் போன்ற மருந்துகளும் அல்டோஸ்டிரோனைக் குறைப்பவை என்பதால், இவர்களுக்குக் குருதிப் பொட்டாசியத்தை அவ்வப்போது அளத்தல் இன்றியமையாதது.

கிராண்ட் லிடில் 1963இல் விவரித்த மரபு நோயில், சிறுநீரகச் சோடிய வழிகள் அல்டோஸ்டிரோனின் தூண்டுதலின்றியே மிகையாக இயங்குகின்றன. குருதி அழுத்தம் உயர, ரெனினும் அல்டோஸ்டிரோனும் ஒடுங்கிவிடுகின்றன. சித்த மருத்துவத்திலும் பயன்படும் அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உண்டாலும் இதையொத்த விளைவு ஏற்படும். அதிலுள்ள கிளிசிரைசின் கார்ட்டிசோலின் சிதைவைத் தடுப்பதால், கார்ட்டிசோலே அல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. இவ்விரு நிலைகளிலும் பொட்டாசியம் மிகுவதில்லை, மாறாகக் குறைகிறது.

கண்டறிதலும் சிகிச்சையும்

அல்டோஸ்டிரோன் அளவை மட்டும் கொண்டு காரணத்தை அறிய இயலாது. ரெனின், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் சேர்த்து நோக்க வேண்டும். அண்ணீரகம் பழுதானால் ரெனின் உயர்ந்திருக்கும். மேற்கூறிய பிற நிலைகளில் தாழ்ந்திருக்கும். அடிசன் நோய்க்கு ஃபுளூட்ரோகார்ட்டிசோனும் கார்ட்டிசோலுக்கு ஈடான மருந்தும் வாழ்நாள் முழுதும் தரப்படுகின்றன. உயர் அழுத்தமுள்ள நீரிழிவு நோயாளிக்கு ஃபுளூட்ரோகார்ட்டிசோன் தந்தால் அழுத்தமும் வீக்கமும் மேலும் கூடலாம். ஆதலால் அவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்த உணவும் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளுமே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகின்றன.