பெயர் சொல்லாத சாட்சிகள்

மொட்டைக் கடுதாசி என்றாலே நாம் முகம் சுளிப்போம். கையெழுத்துப் போடத் துணியாதவன் எழுதியதை யார் நம்புவது என்று தூக்கிப் போட்டுவிடுவோம். ஊர் வம்புக்கு அது சரி. ஆனால் போர்க்காலத்தில் கண்ணால் கண்டதைச் சொன்ன சாமானிய மக்களில் பலர் பெயரை மறைத்தே சொல்லியிருக்கிறார்கள். அதையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

பெயரைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது தங்கவயல்காரர்களாகிய நமக்குப் புதிதல்ல. 1930 ஏப்ரலில் சுரங்கத் தொழிலாளர் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த நம் முன்னோர் மறுத்தார்கள். சுமார் மூன்று வாரம் சுரங்கம் நின்றது. பெயர் சொல்லிக்கொண்டு முன்னால் நின்ற தலைவர் எவரும் இல்லாமலே அந்த வேலைநிறுத்தம் நடந்தது. இன்னார்தான் என்று அடையாளம் தெரிந்துவிட்டால் சீட்டு கிழிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அது வேலைக்கு வந்த ஆபத்து. உயிருக்கே ஆபத்து வந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம்.

1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் அக்டோபரில் போர் மூண்டது. குண்டு விழுந்த வீடுகளிலும் அகதி முகாம்களிலும் இருந்தவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், நடந்தது என்ன என்று கேட்டு எழுதியவர்களில் ஒருவர் ரஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். 1988இல் தொடங்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பில் முன்னின்றவர். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன் ஆகியோரோடு அவர் எழுதிய நூல் தமிழில் 'முறிந்த பனை' என்று வந்தது.

நூல் 1990இல் வெளிவந்தபோது ரஜனி உயிரோடு இல்லை. 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 35. கொன்றவர்கள் புலிகளே என்று அவருடைய சகாக்கள் எழுதினார்கள். கேட்டு எழுதியவருக்கே இந்தக் கதி என்றால், சொன்னவர் பெயர் வெளியே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதன் பிறகும் அந்த ஆசிரியர்கள் நிறுத்தவில்லை. ஊரைவிட்டு வெளியேறி, மறைந்து இருந்து அறிக்கைகளை எழுதினார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. வன்னியில் கடைசி வரை சிக்கியிருந்து உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களை அதே ஆண்டு டிசம்பரில் தொகுத்து வெளியிட்டார்கள். 'அவர்கள் பேசட்டும்' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு வைத்தார்கள். பேசியவர்கள் சாதாரண குடும்பத்து மனிதர்கள்.

பெயர் இல்லாத சாட்சியை எதை வைத்து நம்புவது? இடமும் நாளும் திட்டமாக இருக்கிறதா, ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா, தொகுத்தவர் யார் என்று தெரிகிறதா என்று பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. அந்தச் சாட்சி தன் பக்கத்தாரின் குற்றத்தையும் சொல்கிறதா என்பது. யாழ்ப்பாண ஆசிரியர்களின் எழுத்து கொழும்பு அரசை விடவில்லை, புலிகளை விடவில்லை, நம் இந்தியப் படையையும் விடவில்லை. அதனால்தான் அது எல்லோருக்கும் கசந்தது. வெளியே பாதுகாப்பாக இருந்துகொண்டு ஒரு பக்கத்துக் கதையை மட்டும் கேட்டுக் கை தட்டிய நமக்கும் அது கசக்கத்தான் செய்யும்.

பெயரை மறைக்க எதிரிக்குப் பயப்படுவது மட்டும் காரணமல்ல. 1945இல் பெர்லின் நகரம் சோவியத் படையிடம் வீழ்ந்தபோது ஒரு ஜெர்மானியப் பெண் ஏப்ரல் 20 முதல் ஜூன் 22 வரை நாட்குறிப்பு எழுதினார். தனக்கும் மற்றப் பெண்களுக்கும் நேர்ந்த கொடுமையை ஒளிக்காமல் எழுதினார். 1959இல் பெயரில்லாமல் அது ஜெர்மன் மொழியில் வந்தபோது சொந்த மக்களே அவரைத் தூற்றினார்கள். தான் உயிரோடு இருக்கும்வரை மறுபதிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மறைந்த பிறகு 2003இல்தான் அது ஜெர்மனியில் மறுபடி அச்சேறியது.

நம் ஊருக்கு வருவோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சாம்பியன் ரீஃபிலும் நந்திதுர்க்கிலும் இறங்கி ஏறியவர்களின் அனுபவங்களில் பெரும்பகுதி இன்னும் வாய்மொழியாகவே கிடக்கிறது. வீட்டில் பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த சுரங்கம், எந்த வருஷம், எந்த ஷிஃப்டு என்று விசாரித்து எழுதி வையுங்கள். அவர் சொன்னதை இன்னொரு பெரியவரிடமும் கேட்டுப் பாருங்கள். "எழுதிக்கப்பா, ஆனா எம் பேரு வேணாம்" என்று அவர் சொன்னால் பெயரை விட்டுவிடுங்கள். சொன்னதை விட்டுவிடாதீர்கள்.